அங்க அடையாளம்: மரு இரண்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை, குதிகாலில் பிறந்தது. வலது குதிகாலில் எனக்கு ஒரு மரு. தினமும் கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துக் கல்லால் தேய்க்கச் சொன்னார்கள். எட்டு மாதமாக ஊறுகிறேன். மரு சௌக்கியமாக இருக்கிறது, கால்தான் ஊறுகாய் ஆகிவிட்டது. பக்கெட்டில் காலை விட்டுக்கொண்டு சும்மா உட்கார முடியாமல் நோட்டை எடுத்தேன். ஆகவே ஒவ்வொரு பகுதியும் தண்ணீர் ஆறும்வரைதான். ஆறிவிட்டால் வாக்கியம் பாதியில் நின்றாலும் நான் எழுந்து

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள்.” அடித்துவிட்டேன். திருத்தணியைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்கள் எல்லோரும் படியை எண்ணித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்கவே நேரம் போதாது.

அடுத்தது: “1943ஆம் வருஷம், உலகமே யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்த வேளையில்...” இது இன்னும் மோசம். உலகம் எரிந்தது நிஜம்தான். ஆனால் தேசப்பனின் கவலை மோவாயில் இருந்தது.

மூன்றாவது. இதோடு நிறுத்திக்கொள்கிறேன்:

தேசப்பனுக்கு மோவாயின் இடப்பக்கம் ஒரு மரு, வலது முழங்கையில் ஒரு மரு.

3

வயது இருபது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். அதே தெருவில் இருந்த மாமன் மகள் காஞ்சனாவை அவனுக்குத்தான் என்று பேசி வைத்திருந்தார்கள். மாமா கோதண்டபாணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தை பிறப்பதற்குள் பையனுக்கு உத்தியோகம் ஆக வேண்டும், இல்லையென்றால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவார். தேசப்பன் பட்டணத்தில் ஒரு ஆபீசுக்கு மனுப்போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

காஞ்சனாவின் நிபந்தனை வேறு.

“பாவா, நீ பேசச்சொல்ல எனக்கு ஒன் மூஞ்சி தெரியல. அந்த மருதான் தெரியுது. மொதல்ல அத்த எடு.”

(இந்த இடத்தில் எனக்குக் காஞ்சனா மேலேயே சந்தேகம் வந்தது. மருவைச் சாக்காக வைத்துக் கல்யாணத்தைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறாளோ? ஆனால் மறுநாளே வரப்பு வரப்பாகத் தேடி அம்மான் பச்சரிசிச் செடியை ஒடித்து வந்தவள் அவள்தான். அந்தப் பாலை மருவின் தலையில் ஒரு சொட்டு வைத்து, காய்கிறவரை ஊதிக்கொண்டு நின்றாள். தட்டிக்கழிக்கிறவள் இவ்வளவு மெனக்கெட மாட்டாள். சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன்.)

4

நான்கு மாதம் வைத்தியம் நடந்தது. செடிப்பால் தோற்றது. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்ததில் மருவைச் சுற்றியிருந்த நல்ல தோல் வெந்து உரிந்தது, மரு மட்டும் பளிச்சென்று இருந்தது.*

அம்மா கன்னியம்மாள் மலைக்கு உப்பும் மிளகும் காணிக்கை கொண்டுபோனாள். சரவணப் பொய்கையில் வெல்லம் கரைத்தாள். வெல்லம் கரைகிற மாதிரி மருவும் கரைய வேண்டும் என்பது பிரார்த்தனை. மீன்கள் கொழுத்தன.

மிச்சமிருந்தது குதிரை முடி. மருவின் கழுத்தில் குதிரைவால் முடியை இறுக்கிக் கட்டினால் தானாக விழுந்துவிடும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததுதான் கஷ்டம். ஸ்டேஷன் வாசலில் நின்ற சிங்காரத்தின் ஜட்கா குதிரைக்கு வாலில் பத்துப் பன்னிரண்டு முடிகூட மிஞ்சவில்லை. சிங்காரம் ஒரு பனைவிசிறியை வைத்துக்கொண்டு அதற்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, அதுவும் ஒரு ஜீவன்தானே? ஊருல இருக்கிற மருவுக்கெல்லாம் அதுவா ஜவாப்தாரி? தானா விழுந்தா எடுத்துகினு போ.”

தேசப்பன் மூன்று நாள் குதிரைக்குப் பின்னாலேயே நடந்தான். அவன் பார்வை பட்ட கூச்சத்தில் குதிரை வாலை இடுக்கிக்கொண்டு... இல்லை, குதிரையின் மனசு எனக்குத் தெரியாது. அடித்துவிடுகிறேன். மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டு முடி விழுந்தது, மருவுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டான். அவ்வளவுதான் செய்தி.

* வாசகர்கள் யாரும் செய்து பார்க்க வேண்டாம். நான் செய்து பார்த்தேன். பக்கெட்டுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

5

மார்கழி நடுவில் ஒரு காலை, இரண்டு மருவும் இல்லை. தழும்புகூட இல்லை. தேசப்பன் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.

முருகன்தான் என்றாள் கன்னியம்மாள். செடிப்பால் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றாள் காஞ்சனா. சிங்காரம் குதிரைக்கு மாலை போட்டு ஒரு சுற்று ஓட்டினார். மூவருக்கும் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.

நான்காம் நாள் பட்டணத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு வெள்ளிக்கிழமை நேரில் வரவும். தேசப்பன் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டித் திறந்தான்.

அங்க அடையாளங்கள். ஒன்று: மோவாயின் இடப்பக்கம் ஒரு மரு. இரண்டு: வலது முழங்கையில் ஒரு மரு.

மச்சம் எழுதியிருக்கக்கூடாதா, தழும்பு எழுதியிருக்கக்கூடாதா? அதை எழுதிய பள்ளிக்கூட வாத்தியார் அப்போதே தேடித்தான் பார்த்தாராம். மாசு மருவற்ற உடம்பு, மருவைத் தவிர. புத்தகத்தில் திருத்தம் செய்ய இனித் தனக்கு அதிகாரம் இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். புத்தகத்தில் இருப்பது இருக்கிறபடி இருக்கும், தேசப்பன்தான் மருவைத் திரும்ப வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

எப்படி வரவழைப்பது? போக்கியவர்களைத்தானே கேட்க வேண்டும். இப்போது யாருமே போக்கவில்லை. எல்லாம் குதிரை முடி செய்த வேலை என்றாள் கன்னியம்மாள். மலைமேல் இருக்கிறவன் செய்ததற்கு வாயில்லா ஜீவன் என்ன செய்யும் என்றார் சிங்காரம், மாலையை அவிழ்த்துக்கொண்டே. காஞ்சனா அடுக்களைக்குள் போய்

6

(தண்ணீர் ஆறிவிட்டது. நேற்று விட்ட இடம்.)

போய், இரண்டு மிளகும் கொஞ்சம் வேலம்பிசினும் கொண்டு வந்தாள். அவன் மோவாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிளகை ஒட்டினாள்.

“ஆடாத பாவா. இத்த எடுக்க நாலு மாசம் பட்டேன். இப்ப நானே வெச்சிகினு இருக்கேன்.”

“நல்லா இருக்கா?”

“ஆங். அசிங்கமாத்தான் இருக்கு.”

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாள். தை பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. சிரிப்புக் கதை எழுத உட்கார்ந்தவன் நான், கல்லை எடுத்துக் குதிகாலைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

7

முடிவுகள்.

(அ) அதிகாரிக்கும் ஒரு மரு. தேசப்பன் வைத்தியம் சொல்கிறான், வேலை கிடைக்கிறது. எழுதியதும் சிங்காரத்தின் குதிரை ஞாபகம் வந்தது. அதற்கு இனிக் கொடுக்க ஒன்றுமில்லை. வேண்டாம்.

(ஆ) வேலை இல்லை. காஞ்சனாவை மணவூரில் கொடுத்துவிடுகிறார்கள். தேசப்பன் தினமும் ஸ்டேஷனில் நின்று அந்தப் பக்கம் போகிற ரயிலை... அடித்துவிட்டேன்.

(இ) மிளகு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் நான் மிகவும் விரும்பினேன். ஆனால் ரயிலில் கூட்டம், புழுக்கம், கரித்தூள். முழங்கை மிளகு அரக்கோணத்திலேயே போயிற்று. மோவாய் மிளகு திருவள்ளூரில், பக்கத்தில் உட்கார்ந்தவரின் தயிர்சாதத்தில் விழுந்தது. அவர் கவனிக்காமல் தின்றுவிட்டார். நான் தள்ளவில்லை, சத்தியமாகத் தானாகத்தான் விழுந்தது.

8

அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார். மோவாயைப் பார்த்தார். சட்டைக் கையை மடிக்கச் சொல்லி முழங்கையைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை.

“தம்பி, புஸ்தகத்துல மரு ரெண்டு இருக்கு. உங்கிட்ட ஒன்னுகூட இல்ல. நீதான் தேசப்பன்னு நான் எத்தை வெச்சு நம்புறது?”

“போயிட்சுங்க.”

“போயிட்சின்னு சொன்னா போதுமா? உன்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடட்டும், எடுத்துக்கறேன். சொந்தக்காரங்க போட்டா செல்லாது.”

பேனா என் கையில்தான் இருக்கிறது. போட்டுவிடலாம் என்று பாய்ந்தேன். ஆனால் பேர் வைத்தவன் நான், மரு வைத்தவன் நான், அதை எடுத்தவனும் நான். இதைவிட நெருங்கிய சொந்தம் ஏது? செல்லாது. கன்னியம்மாள் செல்லாது. காஞ்சனா மாமன் மகள், அதுவே செல்லாது; தையில் இன்னும் செல்லாதவளாக ஆக வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை பாடும். வாத்தியார் புத்தகத்துக்கு விரோதமாகப் போட மாட்டார். சிங்காரத்துக்குக் கையெழுத்து வராது.

மிஞ்சியது நீங்கள். அவனுக்கு இரண்டு மரு இருந்தது உங்களுக்குத் தெரியும். எங்கெங்கே என்றும் தெரியும். அவை போன காலையும் தெரியும். நீங்கள் அவனுக்கு ஒரு உறவும் இல்லை. கால் மணி நேரப் பழக்கம் போதுமா என்று யோசிக்காதீர்கள், எத்தனை நாள் பழக்கம் என்று அந்தத் தாளில் கேட்கவில்லை.

அதிகாரி தாளை நீட்டுகிறார். தேசப்பன் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

இவர்தான் தேசப்பன். இவரை நான் நேரில் அறிவேன். எனக்கு இவர் உறவினர் அல்லர்.

ஒப்பம்: ____________