பூதத்தையும் சேர்த்து எட்டு

அந்தத் தையல் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில், துணி வெட்டும் கூடத்தைத் தாண்டினால் ஓர் அறை வரும். மேலே அம்மாமார் மிஷின் மிதிக்க, கீழே அவர்கள் பெற்ற வாண்டுகள் ஆடிக் களைக்கிற அறை. அதைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கும் அக்கா, பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் அக்கா. தலை நரைத்த மேஸ்திரிகூட அப்படித்தான்.

"உங்க வயசுல பாதிகூட ஆகலை எனக்கு. நீங்களுமா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"வாய் பழகிப்போச்சு அக்கா" என்றார் மேஸ்திரி.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் அவள். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், நின்றால் கை எதையாவது எடுத்து மடிக்கும். அதற்கேற்றாற்போல வாய்த்ததும் எட்டுப் பிள்ளைகள். எல்லாம் ஐந்து வயதுக்குள். தலைகளை எண்ணி முடிப்பதற்குள் இரண்டு தலை இடம் மாறியிருக்கும். தவளைகளைத் தராசில் வைத்து நிறுத்தவன் பட்ட பாடுதான். எத்தனை நாள் தவளை நிறுப்பது? எண்ணுகிற வேலையைத் தவளைகளிடமே கொடுத்துவிட்டாள்.

கொடுத்த விதம்தான் வேடிக்கை. கழிவு நூலைச் சுருட்டிச் சுருட்டித் தலையணைப் பருமனில் ஒரு பூதம் செய்தாள். கோட்டுப் பொத்தான் இரண்டு அதற்குக் கண்கள். தரையில் சாக்கட்டியால் கட்டம் கட்டமாக ஒரு காட்டுப்பாதை. ஒரு மரக்கட்டையின் ஆறு பக்கத்திலும் ஒன்று முதல் ஆறு வரை பொத்தான் ஒட்டி உருட்டுக்கட்டை ஆக்கினாள். பிள்ளைகளில் ஒருத்தன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தன் வைத்தியன், இன்னொருத்தன் நான் குதிரைதான் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஒவ்வொரு கழுத்திலும் ஒரு நூல். நூலில் ஐந்து பொத்தான். அதுதான் உயிர். பூதத்தின் கட்டத்தில் கால் வைத்தால் பூதமும் கட்டை உருட்டும். குறைச்சலாக விழுந்தவருக்கு ஒரு பொத்தான் போச்சு.

"உனக்கு எத்தனை உசிரு மிச்சம்?"

"மூணு. ரெண்டைப் பூதம் தின்னுடுச்சு."

கணக்கு என்ற சொல்லே அந்த அறையில் கேட்டதில்லை. ஆனால் மூன்று மாதத்தில் கூட்டலும் கழித்தலும் பொத்தானாய்க் கழுத்தில் தொங்கின.

ஐந்தும் போனவர் மேசைக்கடியில், பூதத்தின் குகையில் கிடக்க வேண்டும். கூட்டாளிகள் சேர்ந்து இருபதுவரை தப்பில்லாமல் எண்ணினால்தான் விடுதலை. தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. அதற்கு மேலே ஓர் எச்சரிக்கையும் அக்காவே வைத்திருந்தாள். பூதத்துக்குப் பேசுகிறவள் அவள்தானே! தொண்டையைக் கரகரவென்று ஆக்கிக்கொண்டு சொல்வாள்: "நான் அக்கா குரல்ல கூப்பிடுவேன், அம்மா குரல்லயும் கூப்பிடுவேன். ஏமாந்து வெளிய வந்தே, கடிச்சு மென்னுடுவேன்!" பிள்ளைகள் வீலென்று கத்தி, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பார்கள்.

எட்டில் ஒருத்திக்குப் பூனைக்குட்டி என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கட்டை உருட்டினால் விரலைத்தான் நீட்டுவாள். எண்ணை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. அவள் அம்மா மேலே காலர் தைக்கிறவள். வீட்டில் அவளுக்கு வேறு துணை கிடையாது, மகளே உலகம். சாயங்காலம் கூட்டிப்போக வரும்போதெல்லாம் அதே கேள்விதான்.

"இன்னிக்காவது வாயைத் திறந்தாளா அக்கா?"

"விரல்ல சரியாத்தான் காட்டுறா."

"விரலைப் பார்த்தா பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்க? ஏண்டி, வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

பூனைக்குட்டி அம்மாவின் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். அவ்வளவுதான் பதில்.

அன்று காலையிலிருந்தே அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழிவுத்துணி ஏற்றும் நாள். அறை வாசலை ஒட்டிய நடையில் கம்பிக்கூண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மார்பளவுக்கு வெட்டுத்துணி. சக்கரம் கிரீச்சிடும் சத்தம், ஆட்கள் போடும் கூச்சல், மேலே மிஷின்களின் இரைச்சல். போதாததற்கு யாரோ மேசைக்கடியில் நூல் பெட்டிகளை அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆட்டம் உச்சத்தில் இருந்தது. பூனைக்குட்டியின் கடைசிப் பொத்தான் போயிற்று. அவள் மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"குகைல இடமில்லையா? வேற குகை பாத்துக்கோ கண்ணு" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல். பூதத்துக்கு ஒரே ஓர் உயிர் பாக்கி. எல்லோர் கண்ணும் கட்டையின் மேல்.

வாலு என்கிற பயல் உருட்டினான். ஆறு! பூதம் செத்தது. ஆரவாரம் அடங்குவதற்குள் சிணுங்கி என்கிற பெண் அழ ஆரம்பித்தாள். அவளுக்கு எறும்பு நனைந்தாலும் அழுகை வரும்.

"பாவம் பூதம். அதுக்கு யாருமே இல்ல."

"சரி சரி, அழாதே. பூதம் சாகலை, மனசு மாறிடுச்சு. இனிமே அதுவும் நம்ம கட்சி, போதுமா?"

அப்போது மணி அடித்தது. முற்றத்துக்குப் போகும் நேரம். வரிசையில் நின்று, வாசலைத் தாண்டும்போது ஆளுக்கு ஓர் எண் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். வாய் திறக்காத பூனைக்குட்டிக்கு மட்டும் பக்கத்தில் நிற்கிற பிள்ளை சேர்த்துச் சொல்லும். குதிரைக்காரனின் செருப்பு வார் அறுந்திருந்தது. அக்கா மண்டியிட்டு அதை ஊக்கால் கோத்துக்கொண்டே காதை மட்டும் வாசலில் வைத்திருந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு... வரிசை நகர்ந்தது. குதிரைக்காரனும் அவள் கையிலிருந்து துள்ளி ஓடி "ஆறு" என்று கனைத்தான். கடைசியாக வாலுவின் குரல் "ஏழு" என்றது. அடுத்து, கட்டைக் குரலில், "எட்டு."

எட்டு. சரி. அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

முற்றத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தபோது அக்காவின் கண், பழக்கதோஷத்தில், தலைகளைத் தடவிக்கொண்டு போயிற்று. ஏழு. தவளைதானே, இடம் மாறியிருக்கும். மறுபடி எண்ணினாள். ஏழு. முழங்கால் ஆடுவது நின்றுவிட்டது.

"டேய் வாலு! எட்டுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஏழு சொன்னதும் நீதானேடா?"

"ஏழு எனக்கு, எட்டு பூதத்துக்கு. நீங்கதானே அக்கா சொன்னீங்க, அதுவும் நம்ம கட்சின்னு?" நூல் பூதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான் அவன்.

அக்கா திரும்பி அறைக்கு ஓடினாள். மேசைக்கடியில் பெட்டிகள். அலமாரிக்குப் பின்னால் தூசி. கழிப்பறையில் யாருமில்லை. "பூனைக்குட்டி! கண்ணு! எங்கடி இருக்கே?" வெட்டுக்கூடத்து ஆட்கள் மேசைகளுக்கு அடியில் குனிந்தார்கள். மேஸ்திரி மாடிப்படியெல்லாம் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்து உதட்டைப் பிதுக்கினார். காவலாளி, வெளி வாசலைத் தாண்டி ஒரு பூச்சிகூடப் போகவில்லை என்று சத்தியம் செய்தான்.

சேதி காற்றைவிட வேகமாக மாடி ஏறியது. அம்மாக்காரி இறங்கி வந்தாள். விரலில் இன்னும் நூல் சுற்றியிருந்தது.

"எங்க எம் பொண்ணு?"

"இங்கதான்... இங்கதான் எங்கயோ..."

"எங்கயோவா? உன்னை நம்பித்தானேடி விட்டேன்! எட்டை எண்ணத் தெரியாதா உனக்கு?"

அம்மாக்காரி நடையெல்லாம் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். செல்லமாய்க் கூப்பிட்டாள், மிரட்டிக் கூப்பிட்டாள், கடைசியில் குரல் உடைந்து கூப்பிட்டாள். பதில் வரவில்லை.

அந்த நடை வெறிச்சென்று கிடந்ததை அக்கா அப்போதுதான் பார்த்தாள். காலையில் நின்ற கூண்டு வண்டிகள் ஒன்றுகூட இல்லை. பின்பக்கத்திலிருந்து லாரி உறுமும் சத்தம் வந்தது.

எப்படி ஓடினாளோ, லாரியின் மூக்குக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" டிரைவர் தலையை நீட்டினார்.

"இஞ்சினை நிறுத்துங்க அண்ணே! உள்ள பிள்ளை இருக்குமோன்னு பயமா இருக்கு!"

"நான் நின்னு ஏத்துனேன். துணியைத் தவிர..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்துச் சாவியைத் திருப்பினார்.

பின்கதவைத் திறந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாய் இடித்துக்கொண்டு கூண்டுகள், கூரைவரை இருட்டு. அம்மாக்காரி கத்திக் கூப்பிட்டாள். அக்கா கூப்பிட்டாள். நிசப்தம்.

"இல்லம்மா. இருந்தா சத்தம் குடுக்காதா?" என்றார் டிரைவர்.

"எல்லாத்தையும் இறக்கிப் பாத்துடலாம்" என்றார் மேஸ்திரி. இறக்க ஆளைக் கூப்பிட வேண்டும், பலகை வைக்க வேண்டும். துணிக்கு அடியில் அதுவரை மூச்சு இருக்குமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பின்னாலேயே வந்துவிட்ட பிள்ளைகளில் சிணுங்கி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அதிசயமாய், அவள் அழவில்லை.

"நீங்க கூப்பிட்டா அவ எப்படி வருவா? நீங்கதானே பூதம்?"

அக்காவுக்கு உச்சந்தலையில் அடித்தாற்போல இருந்தது. பூதம் அக்கா குரலில் கூப்பிடும். அம்மா குரலிலும் கூப்பிடும். வெளியே வந்தால் கடித்துவிடும். சொன்னவள் யார்? தன் வாயால் பூட்டிய பூட்டு. சாவி அவள் கையில் இல்லை.

"எண்ணுங்கடா" என்றாள், பிள்ளைகளின் காதில் மட்டும் விழும்படி. "இருபதுவரைக்கும். சத்தமா."

அம்மாக்காரி வெறித்துப் பார்த்தாள். "பிள்ளையைக் காணோம், இப்ப உனக்கு விளையாட்டா?"

"கொஞ்சம் பொறுங்க. கூப்பிடாதீங்க. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

ஏழு பிள்ளைகளும் எண்ணினார்கள். பெரியவர்களின் முகத்தைப் பார்த்த பயத்தில் ஒன்பதுக்கு மேல் குழறியது. ஒருத்தன் பத்து என்றான், ஒருத்தி பன்னிரண்டு என்றாள். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒரே ஓர் எண்ணை அவள் எடுத்துக் கொடுத்தாலும், அது பூதத்தின் சூழ்ச்சி ஆகிவிடும்.

"மொதல்லேந்து!" என்று வாலு காலைத் தட்டினான். பூதத்தைத் தரையில் வைத்துவிட்டு அவன்தான் கைதட்டித் தாளம் போட்டான். "ஒண்ணு! ரெண்டு! மூணு!" தாளம் கிடைத்ததும் நாக்குகள் நேராயின. பத்து தாண்டியது. பன்னிரண்டு தாண்டியது. "பதினாலு! பதினஞ்சு! பதினேழு..."

லாரியின் ஆழத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல்தான், ஆனால் கோபமான குரல்.

"பதினாறு!"

யாரும் அசையவில்லை. அம்மாக்காரியின் கை அப்படியே வாயருகில் நின்றது.

"பதினாறை விட்டுட்டீங்க!" என்றது துணிக்குவியல். "மொதல்லேந்து!"

டிரைவர் ஏற்கெனவே லாரிக்குள் தாவியிருந்தார். மேஸ்திரியும் வயதை மறந்து ஏறினார். கூண்டுக்கதவு நெளிந்து சிக்கியிருந்தது. கையை விட்டுத் துணியை அள்ளி அள்ளி வெளியே எறிந்தார்கள். கீழே பிள்ளைகள் எண்ணினார்கள். இந்த முறை வெட்டுக்கூடத்து ஆட்களும் காவலாளியும் சேர்ந்துகொண்டார்கள். "பதினாறு" வந்தபோது அந்த இடமே அதிர்ந்தது. ஒரு சின்னக் கால் தெரிந்தது. பிறகு வேர்வையில் நனைந்த தலை. டிரைவர் தூக்கப் போனார். அவள் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இன்னும் மூன்று பாக்கி.

பதினெட்டு. பத்தொம்பது. இருபது.

அப்புறம்தான் கையை விட்டாள்.

அம்மாக்காரி மகளை வாங்கி, முதுகில் ஓர் அடி வைத்து, அடித்த இடத்திலேயே முத்தமும் வைத்தாள். அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. அன்று சம்பளத்தில் அரைநாள் போனாலும் போகட்டும் என்று, அப்போதே மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தோளில் சாய்ந்து போன பூனைக்குட்டி, வாசல் திரும்பும்வரை வாலுவைப் பார்த்து ஒரு விரலைத் திருப்பித் திருப்பி ஆட்டினாள். பதினாறை விட்டதற்கான மிரட்டல் அது.

அந்த ராத்திரி அக்கா எப்படிப் புரண்டாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாய் வந்து, மேசைக்கடியை ஒழித்தாள். நடைப்பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மேஸ்திரியைப் பிடித்து உலுக்கினாள். பிறகு வாசலில் நின்றாள். வந்த ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கையை வைத்தாள். ஒண்ணு. ரெண்டு. ஏழுவரை வந்தது. மேலே மிஷின்கள் ஒவ்வொன்றாய் இரைய ஆரம்பித்தன. அவள் கதவைச் சாத்தவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றாள். புடவை நுனியை மடித்தாள், பிரித்தாள். வரமாட்டார்கள். யார் வருவார்கள்? தானாக இருந்தால் விடுவாளா?

படியோரம் செருப்புச் சத்தம் கேட்டது.

காலர் தைக்கிறவள் வந்து எதிரே நின்றாள். கண் சிவந்திருந்தது. சிரிப்பில்லை. மகளின் கையைப் பிடித்து, அக்காவின் கையில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள்.

"எனக்கு இது ஒண்ணே ஒண்ணுதான் அக்கா. எண்ணி வாங்கிக்கோ."

அக்கா குனிந்து அந்த உச்சந்தலையில் உள்ளங்கையைப் பதித்தாள். நேற்றைய நூல்துணுக்கு ஒன்று இன்னும் முடியில் ஒட்டியிருந்தது.

"எட்டு" என்றாள். குரல் வெளியே வரவில்லை.

"சத்தமா!" என்றாள் பூனைக்குட்டி.