மாமாவுக்கு மட்டும் ஒரு நிறம்

அக்கா மகளின் கல்யாண விருந்துக்கு வந்த சொந்தத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று சொன்னால், கொஞ்சம்தான் மிகை. ஆளுக்கு ஒரு புள்ளி; ஆகாத இருவருக்கு நடுவே ஒரு கோடு; கோட்டின் இரு முனைக்கும் ஒரே நிறம் கூடாது; நிறத்துக்கு ஒரு மேஜை. இப்படி ஒரு புரோகிராமோடு வந்து இறங்கினார் அக்காவின் தம்பி, கம்ப்யூட்டர் மாமா. அது உட்காரும் விதங்களை லட்சக்கணக்கில் பெற்றுத் தள்ளும், சண்டை வரக்கூடியவற்றைக் கொல்லும், பிழைத்தவற்றை ஜோடி சேர்த்துக் குட்டி போடவைக்கும்.

“நடுவுல புதுசா சண்டை வந்தா?” என்றாள் அக்கா.

“ஒரு கோட்டைப் போட்டா அதுவே மாத்தி உக்கார வச்சிடும்க்கா.”

“என்னமோப்பா. வந்தவங்க சூடா சாப்பிட்டுப் போகணும். எனக்கு அது ஒண்ணுதான்.”

சூப் வந்தது. பெண்ணின் பெரியப்பா, சித்தப்பாவின் வழுக்கையைப் பார்த்துச் சிரித்தார். மாமா லேப்டாப்பில் கோடு போட்டு, யாருக்கு எந்த மேஜை என்று மைக்கில் அறிவித்தார். பாதி மண்டபம் கிண்ணத்தோடு எழுந்து இடம் மாறியது.

“ஏம்ப்பா, நான் என்ன பஸ்ஸா, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நகர?” என்று சீறினாள் அத்தை. உடனே மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவே ஒரு கோடு. மறுபடி மண்டபம் எழுந்தது. அத்தை நேராக நடந்திருந்தால் பக்கத்து ஊரே வந்திருக்கும். நடந்தவர்களெல்லாம் மாமாவைத் திட்டினார்கள். திட்டத் திட்ட அவர் கோடு போட்டார். நேர்மையான மனிதர்!

“டேய், எல்லாம் ஆறிப்போச்சுடா.” அக்காவின் குரல் உடைந்தது.

அவளுக்கும் ஒரு கோடு போட்டுவிட்டு மாமா திரையைப் பார்த்தார். எல்லாப் புள்ளிகளும் நிறம் மாறி மாறித் துடித்தன. ஒன்று மட்டும் அசையவே இல்லை. அவருடைய புள்ளி. தன் ஆபீஸ் மேனேஜர் பக்கத்தில், ஏசிக்கு நேர் கீழே உட்கார, அந்தப் புள்ளி நகராதபடி காலையில் அவரே போட்ட பூட்டு. தான் ஒருவர் எழுந்திருக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் ஒரு மண்டபத்தையே எழுப்பியிருக்கிறார். காது மடல் இரண்டும் பற்றி எரிந்தன. மேனேஜர் மேஜைத் துணியின் பூக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பூட்டை எடுத்தார். கண் சிமிட்டுவதற்குள் விடை வந்தது: அவரைத் தவிர யாரும் நகர வேண்டாம். எந்த மேஜையிலும் அவருக்கு இடமில்லை; அவருக்கென்று ஒரு புது நிறத்தையே உண்டாக்கியிருந்தது புரோகிராம். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தார்.

எதிரே ஒரு தட்டு ணங்கென்று வந்து விழுந்தது. அக்கா.

“இங்க உக்காராதக்கா. நமக்கு நடுவுலயும் கோடு இருக்கு.”

“இருக்கட்டும். காலை நகத்து.”

ஆறிப்போனதை அவள் அள்ளிச் சாப்பிடத் தொடங்கினாள். மாமாவால் அந்தத் தட்டைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.