வட்டத்துக்குள் தெரிந்த மலை

எங்கள் செஞ்சிப் பக்கத்தில் கண் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஊசியும் நூலும் போதும். கோத்துவிட்டால் கண்ணுக்குக் குறையில்லை. என் வீட்டுக்காரி மீனம்பாள் ஒரே தடவையில் கோத்துவிடுவாள். அதனால் நான் சொன்ன எதையும் அவள் காதில் வாங்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். வல்லத்தில் ஒரு வீட்டு வேலையில், சாரத்தின்மேல் சிமெண்ட் சட்டியோடு நடந்தவள் பலகையைத் தாண்டிக் காலை வைத்துவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தாள். மேஸ்திரி பாண்டுரங்கன் அன்றோடு அவளை நிறுத்திவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வா, கண்ணைக் காட்டிடலாம்" என்றேன்.

"ஊசி கோக்குறேன், அரிசியில கல்லு பொறுக்குறேன். எனக்கு இன்னா கண்ணு? அன்னிக்கு வெயில்ல மயக்கம். திங்கட்கிழமை நான் சாரம் ஏறத்தான் போறேன். நீ மேஸ்திரிகிட்ட சொல்லு."

சொல்லாவிட்டால் அவளே போய்க் கேட்பாள். திங்கட்கிழமையை நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சுவாதி என்று ஒரு பெண் பாண்டிச்சேரியிலிருந்து படம் எடுக்க வந்தது. கோட்டையில் ராஜகிரி மலைமேல் பை தூக்க ஆள் வேண்டும் என்றது. நான் போனேன். வேலை திரும்பக் கிடைக்க மலைமேல் இருக்கிற கமலக்கன்னி அம்மனிடம் வேண்டிக்கொள்ள மீனம்பாளும் கூட வந்தாள்.

பை நிறைய லென்ஸ். ஒன்று பழைய சினிமாக் கொட்டகை மெஷினில் இருந்ததாம். ஒன்று, பிளாஸ்டிக் பைப்பில் ஒட்டிய பூதக்கண்ணாடி.

"ஒண்ணுகூட காமிராவுக்குப் பொருந்தாது போலிருக்கே பாப்பா?"

"பொருந்தாததுதான்ணா வேணும். சரியா தெரியுற படத்தைத்தான் எல்லாரும் போன்லயே எடுத்துடறாங்களே."

பூதக்கண்ணாடியில், கீழே கோட்டைக்குள் நின்ற கல்யாண மகால் கோபுரம் மழையில் நனைந்த சாக்பீஸ் மாதிரி குழைந்து தெரிந்தது. மீனம்பாள் சிரித்தாள். "இதைக் கெடுக்கவா இம்மாந் தூரம் ஏறி வந்த?"

அப்போதுதான் குரங்கு வந்தது. அவளுடைய இடது பக்கமே நடந்து வந்து, ஒட்டி நின்று, வாழைப்பழப் பையைப் பிடுங்கியது. பிடுங்கின பிறகுதான் அவள் அலறினாள்.

"பக்கத்துலயே நின்னுச்சேக்கா, பாக்கலையா?"

"திருட்டுக் கழுதை, சொல்லிட்டா வரும்?"

சுவாதி கட்டைவிரல் அளவு லென்ஸ் ஒன்றை எடுத்து மாட்டியது. சின்னக் காமிராவின் லென்ஸாம் அது. பெரிய காமிராவில் போட்டால் நடுவில் மட்டும் வெளிச்சம் விழுமாம். என்னைப் பார்க்கச் சொன்னது. கண்ணை வைத்தேன். எதிரே இருக்கிற கிருஷ்ணகிரி மலை ஒரு வட்டத்துக்குள் நின்றது. சுற்றிலும் கும்மிருட்டு.

பிறகு மீனம்பாள் பார்த்தாள்.

"மலை தெரியுது. இதுல இன்னா அதிசயம்?"

"சுத்தி கருப்பா இருக்குதே, அதுதான்க்கா."

"எங்க கருப்பு? எப்பவும் போலத்தான இருக்குது."

சுவாதி காமிராவை வாங்கிப் பார்த்தது. கருப்பு இருந்தது. மறுபடி கொடுத்தது.

"கருப்பே இல்லியேம்மா" என்றாள் மீனம்பாள்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தது. குரங்கு வந்து நின்ற பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. மீனம்பாளை நேராக மலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவள் காதோரம் என் கையை ஆட்டினேன். திரும்பவில்லை. கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். கன்னத்தைத் தாண்டி, ஏறக்குறைய மூக்குக்கு நேராக வந்த பிறகுதான், "இன்னாய்யா, மூஞ்சியில கைய நீட்டுற?" என்றாள். மற்றப் பக்கமும் அப்படியே.

அவள் படியில் உட்கார்ந்தாள். தன் வலது கையை முகத்துக்கு நேராக நீட்டி, மலையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள்.

"காணோம்" என்றாள். கை அங்கேயே நின்றது. வளையல் ஆடிக்கொண்டிருந்தது.

சுவாதி அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. பையை அதுவே தூக்கிக்கொண்டது. நான் மீனம்பாள் கையைப் பிடித்து இறக்கினேன்.

திங்கட்கிழமை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரத்துப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். போனது வராது. சொட்டு மருந்தை ஆயுசுக்கும் விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

"ஊசி கோக்குற அளவுக்காவது நிக்குமாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு நாள்கூட விடாம போடுங்கம்மா."

சாயங்காலம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். எப்போதும் நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். அன்று பக்கத்தில் நடந்தேன்.

"சாரம் வேணாம்னு மேஸ்திரிகிட்ட நானே சொல்லிடறேன். கீழ மணல் சலிக்கிற வேலை இருந்தா கேக்கறேன்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பக்கமும் இன்னா வருதுன்னு சொல்லிக்கினே வா."

"இந்தப் பக்கம் விழுப்புரம் பஸ்ஸு. அந்தப் பக்கம் மாடு ஒண்ணு நிக்குது. அதைத் தாண்டி பூ விக்கிறாங்க" என்றேன்.

"சொல்லு, சொல்லு" என்றாள்.