வெர்னா விடாத அம்பு

விஸ்கான்சினில் பனி முழங்கால் உயரம் கிடக்கும் மாதங்களில், எங்கள் ஊர் வில் கடைக்குப் பின்னாலுள்ள கூடத்தில் வெள்ளி மாலைதோறும் போட்டி நடக்கும். அணிக்கு மூன்று பேர். அந்த ஜனவரியில் நானும் என் மச்சான் டுவேனும் மட்டும்தான் இருந்தோம். மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தார் வெர்னா ஸ்ட்ராய்க். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, ஐம்பத்தெட்டு வயது. காம்பவுண்டு வில்லைக் கையில் எடுத்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

நாங்கள் இருவரும் மான் வேட்டைக்காரர்கள். எங்கள் விற்களை இழுக்க அறுபது பவுண்டு பலம் வேண்டும். வெர்னாவின் வில்லுக்கு இருபத்தெட்டு போதும்.

"இதால கொசு சாகுமா வெர்னா?" என்றான் டுவேன்.

"காகிதத்தத்தானே குத்தப்போறேன். அது திருப்பிக் கடிக்காது."

காம்பவுண்டு வில்லில் நாணை இழுக்கும்போது முதலில் பாரமாக இருக்கும். முனைகளில் உள்ள உருளைகள் திரும்பியதும் பாரம் சட்டென்று குறைந்துவிடும். அங்கே நிதானமாக நின்று குறிபார்த்து, நாணைப் பிடித்திருக்கும் கைக்கருவியின் விசையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்த வேண்டும்; அம்பு பாயும். மனசுக்குச் சரியாகப் படவில்லையென்றால் நாணைத் தளர்த்தி இறக்கிவிடலாம். வெர்னா அடிக்கடி இறக்கிவிடுவார்.

"என்ன, அம்பு வீட்டுக்குப் போகணும்னு அழுவுதா?" என்று டுவேன் கிண்டல் செய்வான். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. ஆறு வருடமாக என்னால் ஒரு தடவைகூட நாணை இறக்க முடிந்ததில்லை. குறி இலக்கின் நடுவிலுள்ள வெள்ளை வட்டத்தைத் தொட்ட நொடியில் என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே விசையை அமுக்கிவிடும்.

மார்ச்சில் கடைசிப் போட்டி. சுற்றுக்கு ஐந்து அம்பு, நான்கு நிமிடம். கடைசிச் சுற்றில் நானும் டுவேனும் முடித்துவிட்டோம். வெர்னா நான்கு அம்புகளை வெள்ளை வட்டத்துக்குள் வைத்திருந்தார். இன்னொன்று பாக்கி. கோப்பைக்கு இரண்டே புள்ளி தேவை.

இழுத்தார். நின்றார். இறக்கினார். மறுபடி இழுத்து மறுபடி இறக்கினார். மூன்றாம் முறை இழுத்தபோது ஆறு விநாடிதான் இருந்தது. கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் தோள் லேசாக நடுங்கியது எனக்குத் தெரிந்தது. மணி அடித்தது. வெர்னா நாணை மெதுவாக இறக்கி, அம்பை அம்பறாத்தூணியில் செருகினார்.

"காகிதத்துல எங்கயாவது விட்டிருந்தாக்கூட மூணு புள்ளி வந்திருக்குமே!" டுவேன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"வந்திருக்கும்பா. தோத்ததுக்கு என்னை மன்னிச்சிரு. ஆனா நான் இப்பதான் கத்துக்கிறேன். பயத்துல அமுக்கலாம்னு ஒரு தடவ கைக்குச் சொல்லிக்குடுத்துட்டா, அப்புறம் அது என் பேச்சக் கேக்குமா?"

டுவேன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனான். எனக்கோ கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அத்தனை கண்களும் தன்மேல் இருக்க, கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இரண்டு மாதப் பழக்கமுள்ளவராக எங்களிடம் வந்த ஒருத்தர் தன் விரலைத் தன் வசம் வைத்திருந்தார். இருபது வருடம் எய்தவன் நான். என்னால் அது ஆகியிருக்காது.

கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்து என் கட்டைவிரல் விஷயம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் இங்க கடைக்கு வா. உன் பெரிய வில்ல வீட்டுலயே விட்டுட்டு வா."

கடைக்காரர் இருபத்தைந்து பவுண்டு பலத்துக்குக் குறைத்த வாடகை வில் ஒன்றைக் கொடுத்தார். வெற்றுப் பலகைக்கு மூன்று கெஜம் முன்னால் நின்றேன். முதல் பத்து முறையும் விரல் முந்திக்கொண்டது.

"பரவால்ல கர்ட். இன்னொண்ணு," என்றார் வெர்னா ஒவ்வொரு தடவையும்.

பதினோராவது முறை இழுத்து, கண்ணை மூடி, நான்கு வரை எண்ணினேன். விரல் அசையவில்லை. நாணை இறக்கினேன்.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன்," என்றார். அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.