பின்னால் வந்த பேருந்து

நாத்தனார் ஒரே ஒரு பெட்டியோடு புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து, அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது புத்திமதி நாளாகிவிட்டது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் பெரிய மாமா வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அவர் நாத்தனாருக்கும் அவள் அண்ணனுக்கும் பெரியப்பா. ‘கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனா என்ன’ என்று ஆரம்பித்தால், மதியம் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரை ஓய மாட்டார். நாத்தனார் மருத்துவமனை நர்ஸ். ஆறு நாள் நோயாளிகளின் வசவை வாங்கிவிட்டு, ஏழாவது நாள் இதையும் வாங்க வேண்டும்.

“அண்ணி, எங்கயாவது போயிடலாமா?” என்றாள் ஒரு ஞாயிறு காலையில்.

“எங்க?”

“எங்கயாவது. அவர் வந்துட்டுப் போற வரைக்கும்.”

அப்படித்தான் ஓட்டம் தொடங்கியது. அண்ணிக்காரிக்கு நாற்பத்து நான்கு வயது. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பதினோரு வருடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே இடுப்பு இறுகிப் போயிருந்தது. முதல் நாள் தெருமுனை வரை ஓடிவிட்டு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். “செத்தேன்” என்றாள். மறுவாரம் பூங்கா வரை போனாள். அதற்கடுத்த வாரம் அவளுடைய பேருந்தின் கண்டக்டரும் சேர்ந்துகொண்டாள். வாயில் விசிலை வைத்துக்கொண்டே தூங்குவாள் என்று பணிமனையில் எல்லாரும் அவளை ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று பேரும் ஏழெட்டு மாதத்தில் இருபது கிலோமீட்டர் வரை வந்துவிட்டார்கள். நகரத்து மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னது நாத்தனார்தான்.

சேதி பெரிய மாமாவின் காதுக்கும் போயிற்று.

“குடும்பத்துப் பொம்பளைங்க நடுரோட்டுல ஓடினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க மாமா, சேர்ந்தே ஓடலாம்” என்றாள் அண்ணிக்காரி. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரன் எழுந்து அடுக்களைக்குப் போனான். அவன் சிரிப்பை அடக்கப் போனது அவர்கள் மகளுக்கு மட்டும் தெரியும்.

பணிமனையில் இன்னொரு ஆள் இருந்தார். மூத்த ஓட்டுநர். மூச்சை இழுத்து ‘உஸ்ஸ்’ என்று விடுகிற பழக்கத்தால் அவருக்கு ‘ஏர்பிரேக்’ என்று பெயர். பெரிய வண்டியைப் பெண் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது என்று பதினோரு வருடத்துக்கு முன்பு மேலாளரிடம் போய்ச் சொன்னவர். இப்போது அவருக்குச் சந்தோஷமான சேதி ஒன்று கிடைத்திருந்தது. மாரத்தானில் பின்தங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு வருவதற்குப் பணிமனையிலிருந்து ஒரு பேருந்து கேட்டிருந்தார்கள். அதை ஓட்டப் போவது அவர்தான்.

“கவலைப்படாத தங்கச்சி. உனக்கு ஜன்னலோரமா ஒரு சீட்டு பிடிச்சு வைக்கிறேன்” என்றார், கேன்டீனில் எல்லாரும் கேட்கும்படி.

“அந்தச் சீட்டுல உங்க சாப்பாட்டுப் பையை வச்சுக்கோங்கண்ணே” என்றாள் அவள்.

ஓட்டத்தன்று ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஆறரை மணி நேரம். அதற்கு மேல் சாலையைத் திறந்துவிடுவார்கள். வீட்டுக்காரன் சைக்கிளில் தண்ணீரும் உப்பும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு ஓரமாகவே வந்தான். மகள் முடிவுக் கோட்டில் நிற்பதாக ஏற்பாடு.

இருபது வரை பேச்சும் சிரிப்புமாகப் போயிற்று. பாலத்து ஏற்றத்தில் விசிலின் மூச்சு தப்பியது. இருபத்தாறில் நாத்தனாரின் குதிகாலில் கொப்புளம் உடைந்து காலுறை சிவந்துவிட்டது. நடைபாதையில் உட்கார்ந்து அவளே அதற்குக் கட்டுப் போட்டுக்கொண்டாள். அடுத்தவர் காலுக்குப் போடுகிற அதே நிதானம். ஆனால் அதில் கால் மணி நேரம் போய்விட்டது. வெயில் ஏறிவிட்டது. மற்ற ஓட்டக்காரர்கள் எல்லாரும் எப்போதோ முன்னால் போய்விட்டார்கள். காகிதக் குவளைகளைப் பெருக்குகிறவர்கள் மட்டும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

முப்பத்தொன்றாவது கிலோமீட்டர் பலகையருகே அண்ணிக்கு முதுகுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அந்த எஞ்சின் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்கு அடையாளம் தெரியும். பேருந்து பக்கத்தில் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே பத்துப் பதினைந்து பேர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏறும்மா” என்றார் ஏர்பிரேக். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன் படியிலிருந்து இறங்கினான். போட்டி நடத்துகிறவர்களின் ஆள். “மேடம், இந்த இடத்தைத் தாண்ட வேண்டிய டைம் முடிஞ்சுது. பஸ் உங்களைத் தாண்டிட்டா நீங்க போட்டியில இல்ல. ரூல்ஸ்.”

விசில் அவளைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. “என்னால முடியலடி. நான் ஏறிடுறேன், தப்பா நினைக்காத.”

“முப்பத்தொண்ணு ஓடியிருக்க. இதுல தப்பு என்ன? ஏறு” என்று அவளைக் கைத்தாங்கலாகப் படியேற்றிவிட்டாள். பிறகு திரும்பினாள்.

“நான் ஏறாட்டி என்ன ஆகும் தம்பி?”

“உங்க நம்பரை எடுத்துடணும். ரோடு திறந்துடும். மெடல் கிடையாது, சர்ட்டிபிகேட் கிடையாது. எதாவது ஆனா நாங்க பொறுப்பில்ல.”

அவள் மார்பில் குத்தியிருந்த எண்ணின் நான்கு ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். விரல்கள் வீங்கியிருந்ததால் நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. காகிதத்தை அழகாக மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

“நம்பர் உங்களுது, எடுத்துக்கோங்க. ரோடு எல்லாருக்கும் பொது. நான் நடைபாதையில போறேன்.”

 நாத்தனார் தன் எண்ணைப் பிய்த்தே எடுத்துவிட்டாள். சட்டையில் ஓட்டை விழுந்தது.

“அண்ணி போனா நானும் போவேன். ஒருதடவை பாதியில திரும்பி வந்தவன்னு பேச்சு கேட்டது போதும்.”

ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஏர்பிரேக்கைப் பார்த்தான், நீங்களாவது சொல்லுங்கள் என்பது போல. அவர் கண்ணாடி வழியே நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து விசில் இரண்டு முறை ஊதினாள். கிளம்பலாம் என்று அர்த்தம். ‘உஸ்ஸ்’ என்றொரு சத்தம். அது வண்டியா அவரா என்று தெரியவில்லை. பேருந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு இருந்த பதினோரு கிலோமீட்டரைப் பற்றி அவள் யாரிடமும் பெருமையாகப் பேசியதில்லை. அசிங்கமாகத்தான் இருந்தது. நூறு அடி ஓடுவார்கள், ஐம்பது அடி நடப்பார்கள். கார்களும் பைக்குகளும் புகையை முகத்தில் ஊதிவிட்டுப் போயின. கடைக்கு முன்னால் வண்டி நிறுத்துகிறவன் “ஓட்டம் முடிஞ்சு எவ்வளவோ நேரமாச்சே” என்றான். “உங்களுக்கு முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் நாத்தனார் சுவரில் கையூன்றி வாந்தியெடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, “என்ன பாக்குறீங்க, வாங்க” என்று இவளை அதட்டினாள்.

கடைசி ஏழு கிலோமீட்டர் அவள் தினமும் ஆறு நடை வண்டி ஓட்டுகிற தடம். மொத்தம் பன்னிரண்டு நிறுத்தங்கள். கிலோமீட்டரை மறந்துவிட்டு நிறுத்தத்தை எண்ணினாள். வங்கி நிறுத்தம், நூலகம், பெரிய பள்ளிக்கூடம். வண்டியில் போகும்போது தட்டையாகத் தெரிகிற சாலை, காலுக்கு மேடாகத் தெரிந்தது. பதினோரு வருடமாக இங்கே ஒரு மேடு இருந்திருக்கிறது, எஞ்சின்தான் அதைச் சுமந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நூலக நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண்மணி உற்றுப் பார்த்துவிட்டு, “டிரைவரம்மா, இன்னிக்கு வண்டி எங்க?” என்று கேட்டாள்.

“வண்டிக்கு லீவு” என்றாள் மூச்சிரைக்க.

வீட்டுக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தான். ஒருமுறைகூட ‘போதும்’ என்று சொல்லவில்லை. எட்டாவது நிறுத்தத்தில் அவள் கால் மடங்கி உட்காரப் போனபோது மட்டும் வாயைத் திறந்தான்.

“உக்காந்தா எழுந்திரிக்க முடியாது. நின்னுக்கிட்டே திட்டு.”

“யாரை?”

“என்னைத்தான். வேற யாரு இருக்கா இங்க?”

அவள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கல்யாணத்தில் ஆரம்பித்து, போன மாதம் கருகவிட்ட குக்கர் வரை. நாத்தனாரும் அண்ணன் மேல் தனக்கிருந்த பாக்கியைத் தீர்த்துக்கொண்டாள். அந்தக் கோபத்திலேயே இரண்டு நிறுத்தங்கள் கடந்துவிட்டன.

முடிவிடத்தில் காற்றடைத்த வளைவைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தடுப்புக் கம்பிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. தார்ச்சாலையில் வெள்ளை வண்ணத்தில் போட்ட கோடு மட்டும் அப்படியே இருந்தது. அதை யாராலும் சுருட்ட முடியாது. மகள் கோட்டுக்கு அந்தப்புறம் கைப்பேசியோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் விசில், தோளில் துண்டோடு. இரண்டு பேரும் ஒரு மணி நேரமாக வேலையாட்களிடம் “கோட்டு மேல எதையும் வைக்காதீங்க” என்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

அண்ணியும் நாத்தனாரும் கையைக் கோத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். கம்பி தூக்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் சுமையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான்.

“ஏழு மணி நேரம் பதினோரு நிமிஷம்” என்றாள் மகள். “எழுதி வச்சுக்கறேன்மா. அவங்க எழுதாட்டிப் போகட்டும்.”

சற்றுத் தள்ளிக் காலியாக நின்றிருந்த பேருந்திலிருந்து ஏர்பிரேக் இறங்கி வந்தார். ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள்.

“நாளைக்கு உன் வண்டியை நான் எடுக்கிறேன். ரெஸ்ட் எடு” என்றார்.

“வேண்டாம்ணே. அஞ்சே முக்கால் நடை என்னுது. நானே எடுப்பேன்.”

“கிளட்ச் மிதிக்கக் கால் வேணும்ல.”

“ரெண்டு இருக்கு. பாத்துக்கலாம்.”

மறுநாள் எடுக்கவும் செய்தாள். படியில் நேராக இறங்க முடியாமல், ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாக இறங்கினாள். பணிமனையே பார்த்துச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். பத்து மணி சுமாருக்கு, கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும்போது நாத்தனார் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாள்.

“அண்ணி, பெரிய டாக்டர் ஏன் நொண்டுறேன்னு கேட்டாரு. நாப்பத்திரண்டு கிலோமீட்டர்னேன். பஸ்லயான்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“பஸ்ஸை அனுப்பிட்டு ஓடினோம்னேன்.”

சிரித்தால் வயிறு வலித்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பற்றி இருக்கையில் ஏறினாள். பின்னால் விசில் இரண்டு முறை ஊதினாள்.