ஏழாவது மூச்சு

மூச்சறைக்குள் நான் நான்கு மதியங்கள் தூங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லவேண்டிய நாளில் சொல்லவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் காற்றுக் கசியாதபடி அடைக்கப்பட்ட ஓர் அறைக்கு அந்தப் பெயர். ஒரு குழாயில் உள்ளே போகும் காற்று மறு குழாயில் வெளியேறும். இடையில் குறைந்த ஆக்சிஜனையும் கூடிய கரியமில வாயுவையும் கருவி அளந்து, உள்ளிருக்கும் உயிர்கள் எவ்வளவு ஆற்றலைச் செலவிட்டன என்று காட்டும். பிறந்து இருபத்தொரு நாளில் தாயிடமிருந்து பிரித்த ஆறு பன்றிக்குட்டிகளை அதில் விட்டிருந்தோம். பால் நின்ற முதல் சில நாட்கள் குட்டிகள் தீவனத்தை முகர்வதோடு சரி. அந்தப் பட்டினியில், குடலின் உட்சுவரில் புல்லாக அடர்ந்திருக்கும் உறிஞ்சிகள் குட்டையாகிவிடும். குட்டிகள் தம் கொழுப்பையே எரித்து உயிர் தாங்கும். அந்த நாட்களின் ஆற்றல் கணக்குதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

அது கடுங்குளிர் காலம். என் அறையின் ஹீட்டர் பழுதாகியிருந்தது. மூச்சறையிலோ குட்டிகளுக்காக எப்போதும் இருபத்தெட்டு டிகிரி. முதல் நாள் மதியம் சாப்பிட்டபின், தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்கப் போனவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஆறும் வந்து என்மேல் அடுக்கிக்கொண்டு படுத்தன. அரைமணி நேரம் கழித்து விழித்தேன். உள்ளே போனால் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். தூங்கியதை எப்படி எழுதுவது? எழுதவில்லை. அடுத்த மூன்று நாட்களும் போனேன். ஐந்தாம் நாள், திட்டப்படி, குட்டிகளை மயக்கிக் கொன்று குடலை எடுத்தோம்.

மறுவாரம் என் வழிகாட்டியான மேடம், ஆய்வுக்குழுக் கூட்டத்தில் மூச்சறைக் கருவி பதிந்த வரைபடத்தைத் திரையில் காட்டினார். தினமும் ஒன்றேகால் மணிக்கு ஒரு மேடு எழுந்து ஒன்றே முக்காலுக்கு அடங்கியது.

"யாரோ உள்ள போயிருக்காங்க," என்றார். மூச்சறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம், மற்றது கொட்டிலைப் பார்த்துக்கொள்பவரிடம். குட்டிகள் மிரளாதிருக்க விசிலடித்தபடியே நுழைவார் என்பதால் அவர் எல்லோருக்கும் விசில் அண்ணன். மேடம் என்னைக் கேட்கவில்லை; வாசலோரம் நின்ற அவரிடம் திரும்பினார்.

"மத்தியானம் உள்ள போனீங்களா?"

"இல்லீங்க மேடம். அந்த நேரம் கொட்டில் கழுவிட்டு இருப்பேன்."

"அப்ப பேய் வந்து மூச்சு விட்டுட்டுப் போச்சா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"புது ஆள் கேட்டு எழுதிடுறேன்," என்றார் மேடம். விசில் அண்ணனின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. பிறகு என்னிடம், "நீ அந்தக் கூடுதல் மூச்சைக் கழிச்சுக் குடு," என்றார்.

மறுநாள் கழிக்க உட்கார்ந்தேன். கூடிய கரியமில வாயுவைக் குறைந்த ஆக்சிஜனால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். கொழுப்பை எரிக்கும் உடம்புக்கு அது பூச்சியம் புள்ளி ஏழு. மாவுச்சத்து உண்ட உடம்புக்கு ஒன்றை நெருங்கும். குட்டிகளின் விகிதம் நாள் முழுக்க அந்தப் புள்ளி ஏழின் பக்கமே கிடந்தது. அவற்றினின்று பிரித்தெடுத்த அந்த அரைமணி மூச்சோ ஒன்றைத் தொட்டது. பட்டினி கிடந்த ஆறு குட்டிகளுக்கு நடுவே ஒருவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உறங்கியிருக்கிறான். விசில் அண்ணன் கொட்டில் வேலையை முடித்து மூன்று மணிக்குத்தான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பார்.

என் முகம் எரிந்தது. காகிதத்தோடு மேடத்தின் அறைக்குப் போனேன்.

"கழிச்சுட்டியா?"

"அது நான்தான் மேடம்."

"எது நீ?"

"அந்தப் பேய்."

அவர் சிரிக்கவில்லை. "குட்டிங்க உன்மேல படுத்துச்சா?"

"ஆமா."

"அப்ப உன் சூட்டுல கிடந்திருக்கு. தன் கொழுப்பைக் குறைச்சுத்தான் எரிச்சிருக்கும். குடல் முடிவையும் நம்ப முடியாது. ஆறு உயிரு, சும்மா போச்சு." மேசையிலிருந்த, புது ஆள் கேட்டு எழுதிய கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். "சாவியை அவர்கிட்ட குடு. எதுக்குன்னு நீயே சொல்லு."

விசில் அண்ணன் கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தண்ணீரை நிறுத்தவில்லை.

"நேத்து வீட்டுக்குப் போயி, வேலை போகப்போகுதுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன். என்ன திருட்டுத்தனம் பண்ணீங்கன்னு அவ கேட்டா. அவளே கேட்டா தம்பி."

"மன்னிச்சிருங்கண்ணே."

"தூக்கம் வந்துச்சு, தூங்கினே. குளிருல யாருக்குத்தான் வராது? எல்லாரும் சிரிச்சப்ப நீ எப்படிய்யா சிரிச்சே?"

சாவியை நீட்டினேன். ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

அடுத்த ஈற்றுக் குட்டிகளை அவரே தூக்கிவந்தார். விசிலடித்தபடி உள்ளே விட்டு, வெளியே வந்து, பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"நான் உள்ள போகலையே அண்ணே?"

"போகலன்னு எழுது," என்றார்.

எழுதினேன். கண்ணாடிக்கு அப்பால் ஆறு குட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக, தங்கள் சூட்டில் தாங்களே படுத்திருந்தன.