ஆர்வில் கவாத்துக்கு வரும் மார்ச்

செத்துப்போன பிறகும் ஆர்வில் எஸ்ட்லோ வருடம் தவறாமல் மார்ச் முதல் வாரத்தில் வந்து, தன் வீட்டுப் புளூபெரிச் செடிகளைக் கவாத்து செய்துவிட்டுப் போனார். எங்கள் பைன் காட்டு ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனியில் ஒரு காலடித்தடம் இருக்காது. விடிந்து பார்த்தால் கிழட்டுத் தண்டுகள் அடியோடு வெட்டப்பட்டு வேலியோரம் தடிமன் வாரியாக அடுக்கியிருக்கும். மழைநீர் தங்காத சாய்வு வெட்டு. அவர் கைவேலையேதான்.

அவர் மனைவி வெர்னாவுக்கு அது போதுமாக இருந்தது. அவருடைய கவாத்துக் கத்தரிக்கு எண்ணெய் போட்டுப் பின்வாசல் படியில் வைத்துவிடுவாள், செடிகளைத் தொடமாட்டாள். அவர் உயிரோடு இருந்தபோது இருவருக்கும் சண்டையே இதில்தான். பட்டை வெளுத்த தண்டைக் காட்டி, "போன வருஷம்கூடக் காய்ச்சுதே, பாவம், விட்டுடுங்க" என்பாள். "கிழடு நின்னா குருத்து எங்கேருந்து வரும்? ஆறு வயசு தாண்டினா எடுத்துடணும்" என்பார். ஆனாலும் ஒரு செடியில் ஒரு வருடத்துக்குக் கால்வாசிக்கு மேல் எடுக்கமாட்டார். அதில் கறார்.

மூன்று மார்ச் போனது. செடிகளில் கிழட்டுத் தண்டே இல்லை, எல்லாம் சிவந்த இளந்தண்டு. நான்காவது மார்ச்சில் வெர்னாவின் அம்மா கொடுத்த ஆடும் நாற்காலி கால்கள் சாய்வாக வெட்டப்பட்டு வேலியோரம் இருந்தது. ஐந்தாவதில் அவர்கள் வளர்த்த கிழ நாய் செடிகளுக்கு நடுவே சுருண்டு செத்துக்கிடந்தது. உடம்பில் காயமில்லை, கழுத்துப்பட்டை மட்டும் சாய்வாக வெட்டியிருந்தது. ஆறாவதில் வெர்னா எழுந்தபோது தலை லேசாக இருந்தது. அவளுடைய நரைத்த பின்னல் வேலியோரம் கிடந்தது.

பக்கத்து வீட்டு டோரீன் ஓடிவந்தாள். "அடியே, வயசு பார்த்து வெட்டிக்கிட்டு வர்றாருடி! இனி இந்த வீட்ல உன்னைவிடக் கிழடு என்ன இருக்கு? மரியாதையா எங்கூட வந்துடு."

"நான் போயிட்டா அவர் யாரைப் பார்க்க வருவாரு?"

"பார்க்கவா வர்றாரு, கத்தரியும் கையுமா?"

வெர்னா சிரித்தாள், பிறகு அழுதாள். பயமாகத்தான் இருந்தது. சாகவும் மனமில்லை, அவரை விடவும் மனமில்லை.

டோரீன் தோட்டத்துப் புளூபெரியைப் பார்த்து ஊரே சிரிக்கும். பிறந்ததிலிருந்து கத்தரியே காணாத புதர், உள்ளே குருவிகூட நுழையாது. அந்த இலையுதிர் காலத்தில் வெர்னா அதைக் கேட்டு வாங்கி, வேர்மண்ணோடு பெயர்த்துவந்து, பைன் சருகு போட்டுத் தன் தோட்டத்தில் நட்டாள். மார்ச்சில் அதில் கால்வாசி வெட்டப்பட்டு வேலியோரம் அடுக்கியிருந்தது. வீட்டில் ஒரு பொருள் அசையவில்லை. படியில் கத்தரி துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. புதர் இளமையாகிவிட்டால் வெர்னா ஊரில் யார் வீட்டிலாவது சோம்பேறித்தனத்தில் கிழடாகிப்போன இன்னொன்றைப் பெயர்த்து வருவாள். தோட்டம் தெருவரை வந்துவிட்டது.

"ஒரு வருஷம் கிழட்டுச் செடி கிடைக்கலைன்னா?" என்று டோரீன் கேட்டாள்.

"நம்ம ஊர்ல சோம்பேறிக்கா பஞ்சம்? கிடைக்கும்" என்றாள் வெர்னா. "எனக்கு அலுத்துப்போற வருஷம், நானே தேடமாட்டேன்."

அந்த ஜூலையில், டோரீன் கொடுத்த புதரிலிருந்தே அவள் வீட்டுக்கு இரண்டு வாளி பழம் போனது.